நியூட்ரலில் விட்ட வண்டி

நோன்பு மாதத்தில் மாலை நேரம் கெய்ரோவில் கார் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். விடிந்ததிலிருந்து தண்ணீர் இல்லை, சிகரெட் இல்லை, பாங்கு சொல்வதற்குள் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில் இப்படிக் கிளம்பினால் என்ன ஆகுமோ அதுதான் முகத்தம் மேட்டுக்கு ஏறும் சாலையில் ஆகிக்கொண்டிருந்தது. நஷ்வாவின் பழைய நீலக் காருக்கு முன்னால் ஒரு மினிபஸ் புகை கக்கியது. பக்கத்தில் ஒரு டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாக அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடு ஏறுறப்ப ரெண்டாவது கியர் போடும்மா! எந்தப் புண்ணியவான் உனக்கு லைசன்ஸ் குடுத்தான்?"

"உங்க மாமனார்தான் குடுத்தாரு. நோன்பு வெச்சிருக்கேன், வாயக் கிளறாதீங்க!"

"நானும்தான் வெச்சிருக்கேன், இல்லன்னா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன்!" என்று சிரித்துவிட்டு அவர் மினிபஸ்ஸுக்கு முன்னால் மூக்கை நுழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்சீட்டில் லமீஸ் தூங்கிப் போயிருந்தாள். நாலு வயசு. நஷ்வாவின் தங்கை இப்திஸாமுக்கு, டாக்டர்களெல்லாம் கைவிரித்த பிறகு பிறந்த ஒரே பெண். அந்தக் குழந்தையை இப்திஸாம் யாரை நம்பியும் விடமாட்டாள். பெற்ற தகப்பனிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால்கூட உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். இன்றைக்குத்தான் முதல் முறையாக, பெருநாளுக்குச் சட்டை எடுக்க அக்காவோடு அனுப்பியிருந்தாள். அதையும் சும்மா அனுப்பவில்லை. கையை விடாதே, ரோட்டில் இறக்காதே, கண்டதை வாங்கிக் கொடுக்காதே என்று படிக்கட்டு வரைக்கும் வந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நான் என்னடி, குழந்தையப் பாத்ததே இல்லையா?" என்று நஷ்வா கேட்டாள்.

"பெத்ததில்லையே" என்று சொல்லிவிட்டு இப்திஸாம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நஷ்வா சிரித்து மழுப்பிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் இன்ஷூரன்ஸ் ஆபீசே கதி என்று கிடப்பவளுக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் பழக்கம்தான். ஆனாலும் அந்தச் சொல் காலையிலிருந்து தொண்டையில் முள்ளாக நின்றது. சாயங்காலம் குழந்தையைப் புதுச்சட்டையோடு கொண்டுபோய் நிறுத்தி, பார்த்துக்கோ, ஒரு கீறல் இல்லை என்று காட்ட வேண்டும் என்ற ஒரே நினைப்பில்தான் இந்த வெயிலிலும் நெரிசலிலும் அலைந்திருந்தாள்.

மேட்டை ஏறி முடித்ததும் போன் வந்தது.

"அக்கா, கதாயிஃப் வாங்க மறந்துட்டேன். எங்க தெருவுக்கு முன்னாடி திருப்பத்துல இனிப்புக் கடை இருக்கு. நாலு பேருக்குப் போதுமான அளவு வாங்கிட்டு வந்துடு. லமீஸ் என்ன பண்றா?"

"மகாராணி தூங்குறாங்க."

"கழுத்து மடங்கியிருக்கான்னு பாரு!"

கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. நடைபாதையை ஒட்டி ஒரு வரிசை கார்கள், அதை ஒட்டி இரண்டாவது வரிசை. நஷ்வா தெருமுக்கில் ஒரு வெள்ளைக் காரை மறித்தபடி தன் காரை நிறுத்தினாள். நிறுத்தியதும் கை தானாகவே கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. கை பிரேக்கை அது தொடக்கூட இல்லை. இரண்டாவது வரிசையில் நிறுத்துகிறவர் செய்ய வேண்டிய மரியாதை அது. உள்ளே மாட்டிக்கொண்டவர் வந்து, மறிக்கிற காரைக் கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். பிரேக் போட்டுவிட்டுப் போகிறவரை அவர் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார்கள். நஷ்வா பிறந்து வளர்ந்த ஷுப்ரா பகுதியில் தரை சப்பாத்திப் பலகை மாதிரி இருக்கும், தள்ளிய வண்டி தள்ளிய இடத்தில் நிற்கும். அங்கே கை பிரேக் என்ற ஒன்று காரில் எதற்கு இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

திரும்பிப் பார்த்தாள். லமீஸ் புதுச்சட்டை இருந்த பையைக் கட்டிக்கொண்டு சீட்டில் சுருண்டு கிடந்தாள். எழுப்பினால் அழுது தெருவைக் கூட்டுவாள். கடை இதோ, கூப்பிடு தூரம்கூட இல்லை. ஜன்னலை நாலு விரல் இறக்கிவிட்டு, கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

கடைக்குள் ஒரு யுத்தமே நடந்துகொண்டிருந்தது. வட்டக் கல்லில் மாவு ஊற்றுகிறவர் தலையைத் தூக்கவே இல்லை. வரிசைக்குள் புகுந்த ஒரு பருத்த மனிதரை எல்லாரும் சேர்ந்து வைதுகொண்டிருந்தார்கள்.

"நான் நோயாளிம்மா, சர்க்கரை இருக்கு!" என்றார் அவர்.

"சர்க்கரை இருக்கிறவருக்கு இனிப்புக் கடையில என்ன வேலை?" என்று நஷ்வா கேட்டதும் வரிசை முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைக் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்ததை, அதன் வழியாகக் கார் தெரியவில்லை என்பதை, அவள் கவனிக்கத் தவறினாள்.

பொட்டலம் கைக்கு வந்தபோது முன்னால் இருந்தவர்களெல்லாம் ஓட்டமாகப் போயிருந்தார்கள். ரேடியோவில் நோன்பு திறக்கும் நேரத்துப் பீரங்கி முழங்கியது. அதைத் தொடர்ந்து நாலா பக்கமிருந்தும் பாங்கு எழுந்தது. கடைக்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார்.

நஷ்வா வெளியே வந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. சற்று முன்பு ஹாரன் சத்தத்தில் காது கிழிந்த இடமா இது என்று இருந்தது. அந்த மாதத்தின் அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அப்படித்தான் இருக்கும், அது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அவள் கார் நின்ற இடத்தில் கார் இல்லை.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. யாராவது முன்னால் தள்ளியிருப்பார்கள் என்று நாலைந்து கார்களைத் தாண்டிப் பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். நீலம் எங்கேயும் இல்லை. அவள் மறித்து நிறுத்தியிருந்த வெள்ளைக் கார் மட்டும் அதே இடத்தில் நின்றது. அதன் கதவு விரியத் திறந்து கிடந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ரேடியோ பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற ஆசாமியைக் காணோம்.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. தன் காரை இப்படித் திறந்து போட்டுவிட்டு எந்த மனிதன் போவான்? இன்னொரு காரோடு போகிறவன்தானே போவான்? உள்ளே குழந்தை இருப்பது தெரிந்து போனானா, தெரியாமல் போனானா? எது மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. 'பெத்ததில்லையே' என்று இப்திஸாமின் குரல் மட்டும் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்தாள். கடைக்காரரும் மாவு ஊற்றுகிறவரும் சூப்புக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"என் வண்டியக் காணோம்!"

"வண்டி எங்க மேடம் போகும்? யாராச்சும் தள்ளி வெச்சிருப்பாங்க. நியூட்ரல்லதானே விட்டீங்க? உக்காருங்க, முதல்ல ஒரு பேரீச்சம்பழத்த வாயில போடுங்க." கடைக்காரர் தட்டை நீட்டினார்.

"உள்ள குழந்தை இருக்கு!"

தட்டு அந்தரத்தில் நின்றது. "எந்த முக்குல விட்டீங்க?"

"வலது பக்கம், முக்குல."

கடைக்காரர் எழுந்துவிட்டார். "அந்த இடத்துல நியூட்ரல்லயா விட்டீங்க? அங்க இருந்து சந்து சரிவும்மா! நேரா ஓரத்து ரோட்டுக்குப் போயிடும்!"

ஓரத்து ரோடு என்றால் மேட்டின் விளிம்பு. அதற்கு அப்பால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, கீழே நகரத்து விளக்குகள்தான். சம்மரில் அங்கே உட்கார்ந்து சோளம் தின்றிருக்கிறாள்.

"நான் பெரிய தெருவுல பாக்குறேன், திருடனா இருந்தா அந்தப் பக்கம்தான் போகணும். நீங்க சந்துல ஓடுங்க!" என்று கடைக்காரர் கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ போனது. சந்து மெல்ல இறங்கி வளைந்து போனது, வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் வீடுகள். எல்லா ஜன்னலிலும் விளக்கு, எல்லா ஜன்னலிலிருந்தும் கரண்டி சத்தம், வறுத்த பூண்டு வாசனை, டிவி சிரிப்பு. ஊர் முழுக்க வீட்டுக்குள் இருந்தது, தெருவில் ஒரு முகமும் இல்லை. "லமீஸ்!" என்று கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. உடைந்த கண்ணாடிச் சத்தம் கேட்குமோ, கீழேயிருந்து ஏதாவது மோதும் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டும், கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டும் ஓடினாள்.

அப்போது ஹாரன் கேட்டது. பாப்... பாப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒரு நீளமான பாப்.

மேலே ஒரு பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண்மணி கையில் அப்பளம் மாதிரி ரொட்டித் துண்டோடு வந்து நின்றாள். "எந்தக் கடன்காரன் அவன்? பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்ன ஹாரன்? மனுஷனா ஒரு வாய் திங்க விடமாட்டீங்களாடா?" என்று கீழ்ப்பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, நஷ்வா அண்ணாந்து வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது நஷ்வாவின் காரின் ஹாரன். தொண்டை கட்டின சேவல் மாதிரி இருக்கும், ஆபீஸில் எல்லாரும் கேலி செய்வார்கள். நஷ்வா வளைவைத் தாண்டினாள்.

சந்து அங்கே செங்குத்தாகச் சரிந்தது. நடுவில் நீலக் கார் மூக்கைக் கீழ் நோக்கிக் குத்தியபடி நின்றது. அதற்குக் கீழே, காருக்கு முன்னால், வீட்டில் போடும் நீள அங்கியோடு ஒரு மனிதர் இரண்டு கைகளையும் பானெட்டில் ஊன்றி, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்துக்கொண்டு, உடம்பை முழுக்க முட்டுக் கொடுத்து நின்றார். நரைத்த தலை. வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. அவர் முதுகுக்குப் பின்னால் சந்து முடிந்து, ஓரத்து ரோடும் அந்தக் குட்டைச் சுவரும் தெரிந்தன.

ஓட்டுகிற சீட்டில் லமீஸ் முழங்காலிட்டு நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே குஷி. பாப் என்று அழுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"தங்கமே, ராசாத்தி, அத விட்டுடும்மா" என்று அவர் கண்ணாடி வழியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். குரல் உடைந்திருந்தது. "அந்தக் கதவுல குமிழ் இருக்கு பாரு, அதத் தூக்கு. தூக்கிட்டு நீ இறங்கிடு கண்ணு. நீ இறங்கினாப் போதும், இந்தச் சனியன் எங்க வேணா போகட்டும்."

"மாட்டேன்" என்றாள் லமீஸ், ஜன்னல் இடுக்கு வழியாக. "தெரியாதவங்க சொன்னா கதவத் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"சரிதாம்மா, அம்மா சொன்னது சரிதான். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"மாட்டேன்."

நஷ்வா சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தாள். சாவி துவாரத்தைச் சுற்றிக் கதவைக் கீறியது. அந்த மனிதர் அவளைப் பார்த்தார், ஆனால் தலையைத் திருப்பக்கூட அவருக்குத் தெம்பில்லை. "சீக்கிரம்" என்றார். கதவு திறந்தது. குழந்தையை இழுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உள்ளே சாய்ந்து கை பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"விட்டுடுங்க, பிரேக் போட்டாச்சு!"

அவர் மூச்சை விட்டுக் கையைத் தளர்த்தினார். கார் நகர்ந்தது.

"ஐயோ!" அவர் மறுபடி முட்டுக் கொடுத்தார். செருப்பில்லாத பாதம் தாரில் தேய்ந்துகொண்டே கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் நின்றது. "பிடிக்கலம்மா! பிரேக் பிடிக்கல!"

எப்படிப் பிடிக்கும்? அந்தக் கார் அவளிடம் வந்ததிலிருந்து அந்தப் பிரேக்கை யாரும் தொட்டதே இல்லை. கம்பி துருப்பிடித்து எந்தக் காலத்தில் விட்டுப் போயிருந்ததோ, வெறும் பிடி மட்டும் கையோடு மேலும் கீழும் ஆடியது. நஷ்வா அதையே இழுத்து இழுத்துப் பார்த்தாள். வேறு எதுவும் மூளைக்கு எட்டவில்லை. குழந்தை அவள் பயத்தைப் பார்த்து வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"கியர்!" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார். "ரிவர்ஸ்ல போடு! என்னால முடியல!"

அவள் காலை உள்ளே விட்டு கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினாள். விழவில்லை. மறுபடி தள்ளினாள். கரகரவென்று ஒரு சத்தம், காலை எடுத்தாள், கார் ஒரு முறை குலுங்கி நின்றது. நின்றேவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. அவளும் கியரை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே, அது நிற்கிறதா என்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒரு செங்கலைத் தேடி எடுத்துவந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உள்ள பாக்கவே இல்லம்மா" என்றார். அவர் கைகள் இன்னும் எதையோ தள்ளுவது போலவே விறைத்து நின்றன. "தயிர் வாங்க வந்தேன். வண்டிய எடுக்கப் போனா உங்க வண்டி மறிச்சிருந்துச்சு. எப்பவும்போலத் தள்ளினேன். பிடி நழுவி ஓடிடுச்சு. வழியில கிடந்த ஒரு மணல் குவியல்ல தட்டி வேகம் குறைஞ்சதால முன்னால வந்து பிடிச்சேன். பிடிச்சப்புறம்தான் பின்சீட்டுல இருந்து ஒரு தலை எழுந்திரிச்சுது. இத்தனை வருஷமா எவ்வளவு காரத் தள்ளியிருப்பேன். ஒரு நாள்கூட உள்ள பாத்ததில்லம்மா."

நஷ்வாவும் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்று கேவிக் கேவி அழுதாள். கடைக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து, அந்த மனிதரின் வாயில் தண்ணீரைச் சாய்த்தார். அவர் பெயர் ஃபிக்ரி என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் பால்கனிகள் எல்லாம் திறந்துகொண்டன, ரொட்டித் துண்டுப் பெண்மணி உட்பட. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஃபிக்ரியே காரை ரிவர்ஸிலேயே மேலே ஓட்டிக்கொண்டுபோய்ச் சமதரையில் நிறுத்திக் கொடுத்தார்.

இப்திஸாம் வீட்டு வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். சூப்பு ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. குழந்தையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்? உன் செருப்பு எங்க?"

நஷ்வா பேசுவதற்குள் லமீஸ் முந்திக்கொண்டாள். "அம்மா, ஒரு தாத்தா எங்கிட்ட கதவத் தொற தொறன்னு கேட்டாரு. அழுதுகூடக் காட்டினாரு. நான் திறக்கவே இல்ல!"

"என் சமத்து!" இப்திஸாம் அவளை வாரி முத்தமிட்டாள். "அப்படித்தான் இருக்கணும். யாரு அழுதாலும் திறக்கக் கூடாது." அக்காவின் பக்கம் திரும்பி, "பாத்தியா என் பொண்ண?" என்றாள்.

விட்டுவிடலாம் என்று நஷ்வாவுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. குழந்தை ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. புதுச்சட்டையும் வந்துவிட்டது. ஆனால் தங்கை தன் மகளுக்கு மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"இல்ல இப்திஸாம். அவ திறந்திருக்கணும்" என்றாள். முழுக்கச் சொன்னாள். சரிவு, சுவர், துருப்பிடித்த பிரேக், எதையும் விடவில்லை.

இப்திஸாம் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. முகத்தில் ரத்தம் வற்றிப்போய், குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இப்பக் கீழ வண்டிய எப்படி விட்டுட்டு வந்திருக்க?"

நஷ்வா யோசித்தாள். கியரில் போட்டேனா? இந்தக் கட்டடத்து வாசலிலும் இடமில்லாமல் இரண்டாவது வரிசையில்தான் நிறுத்தியிருந்தாள். அதற்குப் பிறகு கை என்ன செய்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எழுந்து படியில் தடதடவென்று இறங்கினாள்.

அவள் விட்ட இடத்தில் கார் இல்லை. காவல்காரர் பயூமி கையில் டீ கிளாசோடு எழுந்து, தெருவில் தள்ளி ஒரு மரத்தடியைக் காட்டினார். அங்கே நீலம் தெரிந்தது.

"அங்க இருக்கு மேடம், பயப்படாதீங்க. மூணாவது மாடி டாக்டர் அவசரமாக் கிளம்பணும்னாரு. நீங்க நல்ல மனசா நியூட்ரல்ல விட்டுட்டுப் போனீங்க, ஒரே தள்ளுதான்."

"தள்றதுக்கு முன்னாடி உள்ள பாத்தீங்களா?"

பயூமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"காருக்குள்ள யாரு மேடம் இருக்கப் போறாங்க?"